கற்பும் சம்மதமும்: பாலியல் வன்முறையின் சமூக அடிப்படைகள் பற்றிய ஒரு நோக்கு

1

பாலியல் வல்லுறவு என இன்று நாம் வழங்கும் குற்றத்தினை அண்மைக்காலம் வரை தமிழ்ப் பத்திரிகைகள் ‘கற்பழிப்பு’ என்றே குறிப்பிட்டு வந்தன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொரு சொல் வந்த கதையாகத் தோன்றலாம். ஆயின் சமூக வழக்கிலுள்ள சொற்கள் அச்சமூகத்தின் உறவுகளைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பவை. ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லை ஊன்றி நோக்கின், அங்கு அழிக்கப்படுவதாகக் கூறப்படுவது பெண்ணின் உடலன்று, அவளது விருப்புமன்று, சுதந்திரமுமன்று. அழிந்து போவது கற்பு. கற்பைச் சுமப்பவள் பெண்ணாயினும், அதற்கு உரிமை பாராட்டுவோர் தந்தை, கணவன், குடும்பம், சாதி, ஊர் ஆகியோரே. எனவே குற்றம் நிகழ்ந்த கணத்திலேயே, இழந்தவர் யார் என்ற வினாவுக்கு அச்சொல் ஒரு விடையை அளித்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவள் ‘கெட்டுப் போனவள்’ ஆகின்றாள். குடும்பம் ‘மானமிழந்த’ குடும்பம் ஆகின்றது. குற்றமிழைத்தவனோ பெரும்பாலும் பெயரின்றிக் கதையின் ஓரத்திற்குச் சென்றுவிடுகிறான்.

இக்கட்டுரையில் நாம் இரு வினாக்களுக்கு விடைகாண முயல்கிறோம். பாலியல் வன்முறையைத் தோற்றுவிக்கும் சமூகக் காரணிகள் யாவை என்பது முதலாவது. அதனைச் சமூகம் எதிர்கொள்ளும் மனோபாவம் அவ்வன்முறையின் ஒரு பகுதியாகவே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவது வழக்கம். குற்றத்திற்குக் காரணம் தனிமனிதனின் மிருக இச்சை என்றும், சமூகத்தின் மனோபாவம் வெறும் அறியாமை என்றும் கூறிவிட்டு அமைதி காண்போர் பலர். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே எமது கருத்து. பாதிக்கப்பட்டோரின் பெயர்களை இக்கட்டுரை எங்கும் தவிர்த்துள்ளது. வழக்குகள் இடத்தாலும் ஆண்டாலுமே சுட்டப்படுகின்றன.

2

‘மிருக இச்சை’ என்ற விளக்கத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும். இச்சை இயற்கையானது, அடங்காதது, தூண்டப்படும்போது வெடிப்பது என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதனை ஏற்றுக்கொண்டால் தூண்டியவரைத் தேடுவது அடுத்த படியாகிவிடும். உடை, நேரம், தனிமை, சிரிப்பு என யாவும் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படும். ஆயின் நடைமுறை வேறொன்றைக் காட்டுகின்றது. அடக்க முடியாதது எனப்படும் இச்சை, மேலதிகாரியின் மகளிடத்து அடங்கிவிடுகிறது. வேலைக்காரச் சிறுமியிடத்தே அடங்க மறுக்கின்றது. தோட்டத்துரையின் பங்களாவில் ஒடுங்கி நிற்கும் கங்காணி, கொழுந்து பறிக்கும் பெண்ணின் முன் நிமிர்ந்து நிற்கின்றான். அதிகாரத்தின் படிக்கட்டுகளை இத்துணை நுணுக்கமாக அறிந்து நடந்துகொள்ளும் ஒன்றினை இயற்கையின் குருட்டு வேகம் எனக் கூறுதல் பொருந்தாது. அது சமூக உறவுகளுள் கற்றுக்கொள்ளப்பட்டது. யாரிடம் செய்தால் தண்டனையில்லை என்ற கணிப்பினைத் தன்னுள் கொண்டது.

இக்கணிப்பு எங்கிருந்து வருகின்றது? 1884ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலில் எங்கெல்ஸ் இதற்கான திறவுகோல் ஒன்றைத் தந்தார். தனிச்சொத்து தோன்றி, அது தந்தை வழியாகப் பிள்ளைகளுக்குச் செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டபோது, பிள்ளை தன்னுடையதுதான் என்ற உறுதி ஆணுக்குத் தேவைப்பட்டது. அவ்வுறுதியைப் பெண்ணின் மீதான கட்டுப்பாட்டினாலன்றி வேறெவ்வாறும் பெற இயலாதிருந்தது. ஒருதார மணம் பெண்ணுக்கு மட்டுமே கடுமையான விதியாக அமைந்தது இதனாலேயே. எங்கெல்ஸ் ஆதாரமாகக் கொண்ட மானிடவியற் செய்திகள் சில பிற்கால ஆய்வாளரால் திருத்தப்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆயினும் சொத்துரிமைக்கும் பெண்ணுடல் மீதான கட்டுப்பாட்டிற்கும் இடையிலான தொடர்பு பற்றிய அவரது அடிப்படைக் கருத்து இன்றும் பயனுடையதாகவே விளங்குகின்றது.

நாம் வாழும் தென்னாசியச் சூழலிலே சொத்துடன் சாதியும் சேர்ந்துகொள்கின்றது. நிலமும் சாதித் தூய்மையும் ஒருங்கே காக்கப்பட வேண்டுமாயின், அகமணம் காக்கப்பட வேண்டும். அகமணம் காக்கப்பட வேண்டுமாயின், உயர்சாதிப் பெண்ணின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட வேண்டும். அதே வேளையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் உடல் பாதுகாப்பற்றதாக விடப்படுகின்றது. திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859ஆம் ஆண்டிலேயே அரச ஆணை ஒன்றினைப் பெற முடிந்தது. ஒரு சாரார்க்கு உடலை மூடுவது கட்டாயமாகவும் இன்னொரு சாரார்க்கு அதுவே குற்றமாகவும் இருந்த சமூகத்தில், ‘கற்பு’ என்பது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒழுக்க விழுமியமாக ஒருபோதும் இருந்ததில்லை. அது சிலர்க்கு வேலி, ஏனையோர்க்கு வேலியின்மை. வேலிக்கு உள்ளே இருப்பவளும் வேலிக்கு வெளியே நிற்பவளும் ஒரே அதிகாரத்திற்கே உட்பட்டவர்கள் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

3

மேற்கூறிய சொத்துறவு சட்டத்தினுள்ளும் புகுந்து நிலைபெற்றது. எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தினைப் பெரிதும் தழுவியது. இவ்விரண்டிற்கும் பின்புலமாக ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு நின்றது. அம்மரபிலே பதினேழாம் நூற்றாண்டின் நீதியரசர் மத்தியூ ஹேலின் கருத்து ஒன்று நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. திருமணத்தின் மூலம் மனைவி தன்னைக் கணவனுக்கு அளித்துவிட்டாள் என்றும், அதனை அவள் மீளப் பெற இயலாது என்றும், எனவே கணவன் தன் மனைவியை வல்லுறவுக்கு உட்படுத்தினான் எனக் குற்றஞ்சாட்ட இயலாது என்றும் அவர் கருதினார். அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னர் 1736இல் அச்சேறிய அக்கருத்தினை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991இலேயே கைவிட்டது.

காலனித்துவம் விட்டுச் சென்ற நாடுகளில் அது இன்னும் முற்றாகக் கைவிடப்படவில்லை. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பல முன்னேற்றங்களைக் கொணர்ந்தது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; தடுப்புக்காவலில் அதிகாரிகள் இழைக்கும் வல்லுறவும் கூட்டு வல்லுறவும் தனியாகக் குறிக்கப்பட்டுக் கூடிய தண்டனைக்கு உள்ளாயின; சம்மத வயது 12இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது; சம்மதமின்மையை நிரூபிக்க உடலில் காயங்கள் இருப்பது இன்றியமையாததன்று என்ற விளக்கமும் சேர்க்கப்பட்டது. ஆயின் மனைவியைப் பொறுத்தவரையில், நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும்போது மட்டுமே அவளது சம்மதம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தியாவிலும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் கணவனுக்கான விதிவிலக்கினைத் தொடர்ந்து பேணியது. கற்பு கணவனின் உடைமை எனின், உடைமையாளன் தன் உடைமையைத் திருட இயலாது என்ற தர்க்கமே இங்கு தொழிற்படுகின்றது.

சம்மதம் பற்றிய சட்டத்தின் பார்வை எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள மகாராஷ்டிர மாநிலத்தின் தேசாய்கஞ்ச் பொலிஸ் நிலைய வழக்கு பெரிதும் உதவும். 1972 மார்ச் 26ஆம் திகதி இரவு, பழங்குடியைச் சேர்ந்த இளம் கூலித் தொழிலாளியான ஒரு பெண் விசாரணைக்கென அங்கு அழைக்கப்பட்டாள். உடன் வந்தோர் வெளியே அனுப்பப்பட்டனர். ஒரு கொன்ஸ்டபிள் அவளை வல்லுறவுக்கு உட்படுத்தினான். தலைமைக் கொன்ஸ்டபிள் ஒருவன் அதனையடுத்து அவளிடம் அத்துமீறினான் என்பது அவளது வாக்குமூலம். 1974இல் அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அவள் முன்னரே உடலுறவுப் பழக்கமுள்ளவள் என்பது அங்கே முக்கிய வாதமாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு இதனை மறுத்து, அச்சத்தினால் அடங்கிப் போவது சம்மதமாகாது எனக் கூறித் தண்டனை விதித்தது. ஆயின் 1978 செப்ரெம்பரில் இந்திய உயர்மன்றம், அவள் உடலில் காயங்கள் இல்லை, கூக்குரலிட்டதாகக் கூறியது நம்பத்தக்கதன்று என்ற அடிப்படையில் இருவரையும் விடுதலை செய்தது.

அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லொத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றினை எழுதினர். இரவு நேரத்தில் பொலிஸ் நிலையத்தினுள் அதிகாரிகளின் கையில் அகப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணின் அமைதியைச் சம்மதம் எனக் கொள்ள முடியுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் சாரம். அக்கடிதத்தை அடுத்து இந்தியாவின் பல நகரங்களில் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண் தான் சம்மதிக்கவில்லை என்று கூறின், சம்மதமின்மை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுதல் குற்றமாக்கப்பட்டது. ஆயின் அவளது பொதுவான ஒழுக்கக்கேட்டினைக் காட்டிச் சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைக்க இடமளித்த சான்றுச் சட்ட விதி மேலும் இருபது ஆண்டுகள் நிலைத்திருந்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அதனை நீக்கியது. அதே வகை விதி இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது.

இவ்வழக்கு எமக்கு உணர்த்துவது யாது? சட்டம் சம்மதம் என்ற சொல்லை இரு சமமான தனிமனிதருக்கு இடையிலான உடன்படிக்கையாகவே கற்பனை செய்தது. தொழிலாளியும் முதலாளியும் சந்தையிலே சுதந்திரமாக ஒப்பந்தம் செய்கின்றனர் என்ற முதலாளித்துவக் கற்பனையை மார்க்ஸ் எவ்வாறு தோலுரித்தாரோ, அவ்வாறே இச்சம்மதக் கற்பனையும் தோலுரிக்கப்பட வேண்டியது. பசியின் முன் தொழிலாளியின் சம்மதமும், சீருடையின் முன் பழங்குடிப் பெண்ணின் மௌனமும் ஒரே தன்மையன.

4

சமூக மனோபாவம் மிகத் துலக்கமாக வெளிப்படும் களம் இலக்கியம். அகலிகை கதை இதற்குப் பழைமையான சான்று. அவள் இந்திரனை அறிந்தாளா, அறியாதிருந்தாளா என்பதில் மூலநூல்கள் தம்முள் வேறுபடுகின்றன. ஆயின் கல்லாகிக் கிடந்தவள் அவளே. அவளை மீட்பதும் இன்னொரு ஆடவனின் பாதமே. ‘வஞ்சித்தவன் தேவர்கோன், வஞ்சிக்கப்பட்டவள் கல்’ என்ற இந்த அமைப்பு எமது மனங்களில் ஆழப் பதிந்துள்ளது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ இவ்வமைப்பினை உள்ளிருந்து உடைத்தது. மீண்டும் பெண்ணுருப் பெற்ற அகலிகை, சீதையைத் தீக்குளிக்கக் கேட்டவனும் இராமனே என்பதை அறியும்போது மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். விமோசனம் அளித்த அதே அறம் வேறொருத்தியிடம் நிரூபணம் கேட்கின்றது எனில், அவ்விமோசனத்திற்குப் பொருளில்லை என்பதே கதையின் தாற்பரியம். மன்னிப்பும் சோதனையும் ஒரே அதிகாரத்தின் இரு கைகள் என்பதைத் தமிழில் இத்துணைக் கூர்மையாக உணர்த்திய புனைகதை பிறிதொன்று உண்டா என்பது ஐயத்திற்குரியது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டின் பின் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) என்ற சிறுகதையில் இச்சிக்கலை நகரத்து நடுத்தர வர்க்கத்திற்குக் கொண்டு வந்தார். மழையிலே முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவனுக்கு இரையான கல்லூரி மாணவியை, அவளது தாய் முதலில் அடித்து, பின்னர் தலையில் நீரூற்றி, அவள் தூயவள் எனத் தேற்றுகின்றாள். அக்காலத்தில் இக்கதை பெருஞ் சர்ச்சையைத் தோற்றுவித்தது. அதே கதை வேறு விதமாக முடிந்திருந்தால் என்ற கற்பனையில், ஊரறிந்து, வீட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கையை அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக விரித்தார். அது 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதமிப் பரிசினைப் பெற்றது.

சிறுகதையின் மனிதாபிமானத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. கழுவப்படுவது எது? அழுக்கு எதுவும் இல்லையெனின் நீர் எதற்கு? தாய் தன் மகளைக் காப்பாற்றுகின்றாள். ஆயின் தீட்டு என்னும் கருத்தினை அவள் மறுக்கவில்லை. தீட்டினை நீக்கும் அதிகாரத்தைச் சமூகத்திடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவே. முற்போக்கான படைப்பொன்றின் வலிமையும் வரையறையும் ஒரே இடத்தில் சந்திப்பதை இங்கு காண்கிறோம். வணிகத் தமிழ்ச் சினிமாவோ இவ்வளவு தூரமும் வரவில்லை. வல்லுறவுக்கு உள்ளானவள் தற்கொலை செய்துகொள்ளுதல், அல்லது குற்றவாளியையே மணந்து ‘வாழ்வு பெறுதல்’ என்ற இரு முடிவுகளையே அது நெடுங்காலம் மாறி மாறித் தந்தது. முதலாவதில் பழுதுபட்ட பொருள் அழிக்கப்படுகின்றது. இரண்டாவதில் அதனைப் பழுதாக்கியவனிடமே ஒப்படைக்கப்படுகின்றது. இரண்டும் சொத்துத் தகராறு ஒன்றின் தீர்வு முறைகளேயன்றி நீதியாகா.

5

அரசின் கையிலும் ஆதிக்கக் குழுக்களின் கையிலும் பாலியல் வன்முறை ஓர் ஆயுதமாகின்றது. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி இதற்குத் துயரமான சாட்சி. 1992 ஜூன் 20ஆம் திகதி, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறை, பொலிஸ், வருவாய்த்துறை அலுவலர் அம்மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்தினுள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; மக்கள் தாக்கப்பட்டனர்; 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாயினர். பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் தொடர்ந்து போராடியதன் பயனாக, 1995இல் நீதிமன்ற ஆணையின் பேரில் மத்தியப் புலனாய்வுப் பிரிவு விசாரணையை ஏற்றது. 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2011 செப்ரெம்பரில் தீர்ப்பு வந்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் வல்லுறவுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்ரெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பினை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. இடையில் 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த எண்களை நாம் எடுத்துக்கூறுவதற்குக் காரணம் உண்டு. 269 அரசாங்க ஊழியரும் ஒரே நாளில் ‘மிருக இச்சை’க்கு ஆட்பட்டவர் எனக் கூறின் எவரும் நகைப்பர். அங்கு நிகழ்ந்தது காட்டின் வளங்கள் யாருக்குரியவை என்ற போராட்டத்தில், அவ்வளங்களை அண்டி வாழ்ந்த மக்களுக்கு அரசு இயந்திரம் புகட்டிய பாடம். பெண்ணுடல் அப்பாடம் எழுதப்பட்ட பலகையாயிற்று. அதே வேளையில், எழுத்தறிவும் செல்வாக்கும் அற்ற அப்பெண்கள் மூன்று தசாப்தங்களாகத் தம் சாட்சியத்தினின்றும் விலகாது நின்றனர் என்பதும் வரலாறே. ‘மானம் போய்விடும்’ என்ற அச்சத்தினை அவர்கள் வென்றது தனித்தனியே அன்று. ஊராகவும் இயக்கமாகவும் ஒன்றுபட்டு நின்றபோதே.

எமது நாட்டின் அனுபவமும் இதனையே கூறுகின்றது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் சிங்கள யுவதி ஒருத்தி படையினரால் மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். கால் நூற்றாண்டின் பின், 1996 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி ஒருத்தி கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, படையினரால் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அவளுடனேயே செம்மணியில் புதைக்கப்பட்டனர். 1998 ஜூலையில் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர் சிலரே. ஒருத்தியைத் தென்னிலங்கை நினைவுகூர்ந்தது. மற்றவளை வடக்கு நினைவுகூர்ந்தது. கிளர்ந்தெழுந்த சிங்களக் கிராமத்து இளைஞர் மீதும், பின்னர் தமிழ் மக்கள் மீதும் ஏவப்பட்டது ஒரே அரச இயந்திரம் என்ற உண்மை இப்பிரிவினையில் மறைந்துபோயிற்று. இனவொடுக்குமுறை செம்மணியின் சிறப்புக் காரணி என்பதை மறுக்க இயலாது. ஆயின் அக்காரணி மட்டுமே முழு விளக்கமாகிவிடாது.

ஏனெனில் 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தியைக் கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்திக் கொன்றவர்கள் அந்நியப் படையினர் அல்லர். அவளது சொந்தச் சமூகத்தவரே. 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் கூடிய விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. எதிரியின் சீருடையில் மட்டும் இக்குற்றத்தைத் தேடப் பழகியிருந்த எமது பொதுப்புத்திக்கு அந்நிகழ்ச்சி பேரதிர்ச்சியாயிற்று. அப்போதும் ‘போருக்குப் பின் வந்த கலாசாரச் சீரழிவு’ என்ற விளக்கமே பலராலும் கூறப்பட்டது. முன்னர் எல்லாம் சீராக இருந்தது என்பது அதன் உட்கிடை. முன்னர் இருந்தது சீரன்று, மௌனமே என்பதை ஏற்றுக்கொள்ள நாம் இன்னும் தயங்குகின்றோம்.

6

இந்த இடத்தில் மார்க்சியவாதிகளாகிய நாம் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வர்க்கச் சமூகம் மறைந்தால் பெண்ணொடுக்குமுறையும் தானாக மறையும், எனவே அதனைத் தனியாகப் பேசுவது இயக்கத்தைப் பிளவுபடுத்தும் என்ற வாதம் இடதுசாரி அணிகளுள் நெடுங்காலம் நிலவி வந்தது. தேசியவாதிகள் இதே வாதத்தினை ‘விடுதலைக்குப் பின்னர்’ என்ற சொற்களில் கூறினர். இவ்வாதம் பொருள்முதல்வாதமன்று, ஒத்திவைப்பு. சுரண்டப்படும் தொழிலாளிக்கும் வீட்டினுள் ஓர் அதிகாரம் வழங்கப்பட்டுள்ளது. வெளியில் இழந்த மதிப்பினை அங்கு ஈடுசெய்துகொள்ள அச்சமூகம் அவனை அனுமதிக்கின்றது. அவ்வனுமதி ஆளும் வர்க்கத்திற்குப் பயனுடையது. அவனுக்கும் உடனடிப் பயன் தருவது. ஆகவே அதனை எதிர்க்கும் போராட்டம் வர்க்கப் போராட்டத்தின் உள்ளேயே, இன்றே நடைபெற வேண்டியதாகும். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுதியின் பெயரே, போராட்டச் சூழலினுள்ளும் சொல்லப்படாதிருந்தவை பல என்பதைச் சுட்டி நின்றது.

இதற்கு மறுமுனையில், வறியவரும் கல்லாதவருமே இக்குற்றத்தைப் புரிகின்றனர் என்ற எண்ணம் உள்ளது. வறுமையில் வாழும் ஆடவருள் மிகப் பெரும்பான்மையோர் இக்குற்றத்தைப் புரிவதில்லை. வசதி படைத்தோரின் குற்றங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் அலுவலகக் கதவுகளுக்குப் பின்னும் மறைகின்றன என்பதே உண்மை. ஐக்கிய அமெரிக்காவில் வல்லுறவுக் குற்றச்சாட்டு கறுப்பின ஆடவரைக் கும்பலாகக் கொல்வதற்கான சாட்டாக எவ்வாறு பயன்பட்டது என்பதை அஞ்செலா டேவிஸ் 1981இல் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டினார். அதே சமூகத்தில் கறுப்பினப் பெண்கள் மீது வெள்ளையர் இழைத்த வன்முறை குற்றமாகவே கருதப்படவில்லை. பெண்ணைக் காப்பதாகக் கூறும் ஆவேசம் யாரைக் காக்கின்றது, யாரை வேட்டையாடுகின்றது என்று கேட்பது எப்பொழுதும் அவசியம்.

மரண தண்டனைக் கோரிக்கையையும் இவ்வொளியிலேயே நோக்க வேண்டும். 2012 டிசெம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையின் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் வர்மா குழு, 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் மரண தண்டனையைச் சிபாரிசு செய்யவில்லை. கணவனுக்கான விதிவிலக்கினை நீக்குமாறு சிபாரிசு செய்தது. அரசாங்கமோ சில வகை வல்லுறவுகளுக்கு மரண தண்டனையைச் சேர்த்தது. கணவனுக்கான விதிவிலக்கைத் தொடாது விட்டது. இத்தெரிவு தற்செயலானதன்று. தூக்குமேடை ஒரு சில குற்றவாளிகளைத் தண்டிக்கின்றது. குடும்பத்தினுள் சம்மதம் வேண்டும் என்ற விதியோ கோடிக்கணக்கான வீடுகளின் அதிகார உறவினைத் தொடுகின்றது. முதலாவதற்கு ஆவேசம் போதும். இரண்டாவதற்குச் சமூக மாற்றம் வேண்டும். வல்லுறவைப் ‘பெண்ணின் மரணத்திற்கு ஒப்பானது’ என வருணித்து அதற்கு மரணமே ஈடு எனக் கூறுவதிலும், கற்பிழந்தவள் இறந்தவளே என்ற பழைய எண்ணம் மறைந்திருப்பதைக் கவனித்தல் தகும். அவள் இறக்கவில்லை. அவளுக்கு மருத்துவமும் தொழிலும் கல்வியும் நட்பும் நாளைய தினமும் உண்டு. அவற்றை அவளிடமிருந்து பறிப்பது குற்றவாளி மட்டுமன்று.

அன்றாட வாழ்க்கையின் சிறு வன்முறைகளையும் இவற்றினின்றும் பிரித்தல் இயலாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறிய பெண்கள் 90 சதவீதத்தினர். குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய அளவீட்டின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர் துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ வாழ்நாளில் உள்ளாகியிருந்தார். நெரிசலான பஸ்ஸில் ஒரு பெண் குரலெழுப்பும்போது ஏனையோர் சாளரத்துக்கு வெளியே பார்த்தல், அயல் வீட்டு அலறலைக் ‘குடும்ப விஷயம்’ என விட்டுவிடுதல் ஆகிய சிறு மௌனங்களே, முன்னர் கூறிய கணிப்பினை, அதாவது யாரிடம் செய்தால் தண்டனையில்லை என்ற கணிப்பினை, நாள்தோறும் உறுதிப்படுத்துகின்றன.

7

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பாலியல் வன்முறை சொத்து, சாதி, வர்க்கம், அரசு ஆகிய அதிகார உறவுகளுள் வேரூன்றியது என்பதும், கற்பு என்ற கருத்துநிலை அவ்வதிகாரத்தை ஒழுக்கமாகக் காட்டிப் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கின்றது என்பதும் புலப்படும். ஆகவே கற்பைக் காக்கும் கடுமையான சட்டங்களால் இவ்வன்முறை ஒழியாது. கற்பின் இடத்தில் சம்மதத்தை வைப்பதும், சம்மதம் பொருளுடையதாவதற்கு வேண்டிய பொருளாதாரச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் பெறுவதும் ஒரே போராட்டத்தின் இரு கூறுகளாகும். கூலி கிடைக்காது போய்விடும் என்ற அச்சமுள்ள தோட்டத் தொழிலாளியின் ‘ஆம்’ முழுமையான ‘ஆம்’ ஆகாது.

இந்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தின் மதில்களுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுந்து செல்ல எமக்கு உரிமையில்லை. பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், பகிடிவதையின்போது இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தனியாகக் குறிப்பிட்டுக் கடுந்தண்டனை விதிக்க நேர்ந்தது என்பதே எமது வளாகங்களின் நிலை பற்றிய ஒரு சாட்சியம். புள்ளி இடும் கையும், ஆய்வேட்டினை அங்கீகரிக்கும் கையெழுத்தும், பதவிக்குச் சிபாரிசு செய்யும் கடிதமும் அதிகாரமே. அவ்வதிகாரத்தின் முன் ஒரு மாணவி காக்கும் மௌனத்தை நாமும் தேசாய்கஞ்ச் தீர்ப்பின் கண்கொண்டே நோக்கி வந்திருக்கிறோம். முறைப்பாடு வரும்போது ‘நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று முதலில் கூறுவோர் நாமே. குடும்ப மானம் என்ற சொல் அங்கு நிறுவன மானமாக உருமாறியுள்ளது; உள்ளடக்கம் ஒன்றே.

வாச்சாத்திப் பெண்களுக்கு 31 ஆண்டுகள் எடுத்தன. அவர்களைச் சூழ ஓர் ஊரும் ஓர் இயக்கமும் நின்றன. எமது விரிவுரை மண்டபத்திலிருந்து எழுந்து ஒருத்தி பேசத் தொடங்கும்போது அவளைச் சூழ யார் நிற்பர் என்பதே இன்று எம்முன் உள்ள வினா. அதற்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே.